அட்டவணையில் விடுபட்ட எண்

840 கஜம் என்னும் கணக்கு

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நூல் வாங்குவோரும் விற்போரும் நெய்வோரும் நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர் என்று நூலைப் பெயரிட்டு அழைக்கிறார்கள். நம்பர் கூடக்கூட நூல் மெலியும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த செய்தி. ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே அந்த நூலின் நம்பர் என்றும், ஒரு சிட்டத்தின் நீளம் 840 கஜம் என்றும் பஞ்சாலையில் பழகியவர்கள் விளக்குவார்கள். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு இருந்தால் அதன் நீளம் 40 சிட்டம், அதாவது 33,600 கஜம் ஆகும். கணக்கு எளிதுதான் என்றாலும், 1000, 800 போன்ற முழு எண்களை விட்டுவிட்டு 840 என்ற எண்ணை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்ற கேள்வி, நூலோடு புழங்கும் எவருக்கும் ஒருமுறையாவது எழுந்திருக்கும்.

ஒன்றரைக் கஜச் சுற்றளவுள்ள சுற்றுருளையில் நூலை 80 சுற்றுச் சுற்றினால் 120 கஜம் ஆகிறது; பஞ்சாலையில் லீ எனப்படும் இந்த அளவு ஏழு சேர்ந்தால் ஒரு சிட்டம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் என்ற பழைய எடைக் கணக்கிலும் அதே ஏழு ஒளிந்திருப்பதால், சோதனைக்கூடத்தில் சிட்டம் முழுவதையும் நிறுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு லீயை நிறுத்து, கிடைத்த கிரெயின் எண்ணிக்கையால் 1000-ஐ வகுத்தால் நூலின் நம்பர் வந்துவிடும். நாற்பதாம் நம்பர் நூலின் ஒரு லீ 25 கிரெயின் எடை இருக்கும். 1000-ஐ 25-ஆல் வகுத்தால் 40.

இது தொழில்முறை விளக்கம். 840 என்ற எண்ணுக்கோ இதைவிட ஆழமான குணம் ஒன்று உண்டு. 1 தொடங்கி 840 வரை உள்ள எண்களில், 840-ஐ மீதியின்றி வகுக்கக்கூடியவை 32. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என எத்தனை சம பங்காகப் பிரித்தாலும் 840 மீதி வைக்காது. எட்டு வரையிலான எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணும் அதுவே. அதைவிடப் பெரிய 1000-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 16 மட்டுமே. அதற்கும் மேலாக, 840-க்குக் கீழே உள்ள 839 எண்களில் ஒன்றுக்குக்கூட 32 வகுக்கும் எண்கள் கிடையாது.

பங்கிட உதவும் எண்களை மனிதர்கள் நெடுங்காலமாகவே தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுச் சுழற்சி என்று தமிழ் மரபு 60-ஐ மீண்டும் மீண்டும் எடுத்தாள்வதையும், மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை, டஜனுக்கு 12 என்று உலகம் எண்ணுவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 1957-க்கு முந்தைய ரூபாய் 16 அணாவாகவும் ஓர் அணா 12 தம்பிடியாகவும் இருந்ததால், ஒரு ரூபாயை மூன்று பேர் ஆளுக்கு 64 தம்பிடி என்று மனக்குறையின்றிப் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது. நூறு பைசா ரூபாயில் அது முடியாது.

வகுக்கும் எண்களை எண்ணும் வழி

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணைக் காரணி என்று பள்ளிப் பாடநூல்கள் அழைக்கின்றன. 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. சிறிய எண்ணாக இருந்தால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துவிடலாம். பல்லாயிரம் கோடியைத் தாண்டிய எண்ணின் காரணிகளை அப்படி எண்ணப் புகுந்தால் ஓர் ஆயுள் போதாது. அதற்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. அந்த வழிதான் இந்த அத்தியாயத்தின் திறவுகோல்.

தன்னாலும் 1-ஆலும் அன்றி வேறெதனாலும் வகுபடாத 2, 3, 5, 7, 11, 13 போன்றவை பகா எண்கள். 1-ஐவிடப் பெரிய எல்லா முழு எண்களும் இந்தப் பகா எண்களை அடுக்கிப் பெருக்கியே உருவாகின்றன. ஒரே எண்ணை இருவேறு அடுக்குகளாகப் பிரிக்கவும் முடியாது. 840-ஐப் பிரித்தால் மூன்று 2-களும், ஒரு 3-உம், ஒரு 5-உம், ஒரு 7-உம் கிடைக்கின்றன. 840-இன் காரணி ஒவ்வொன்றும் இந்தக் கையிருப்பிலிருந்து சிலவற்றை எடுத்துப் பெருக்கியதாகவே இருக்க முடியும். 2-களில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்றை எடுக்கலாம், இரண்டை எடுக்கலாம், மூன்றையும் எடுக்கலாம். ஆக நான்கு வாய்ப்பு. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வாய்ப்பு. 5-க்கும் 7-க்கும் அவ்வாறே இரண்டிரண்டு. நான்கு, இரண்டு, இரண்டு, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் 32 வந்துவிடுகிறது. 840-ஐ ஒருமுறைகூட வகுத்துப் பார்க்கத் தேவை ஏற்படவில்லை.

ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனோடு ஒன்றைக் கூட்டி, கிடைத்தவற்றையெல்லாம் பெருக்க வேண்டும் என்பதே விதி. எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் பகா எண் கையிருப்பு தெரிந்துவிட்டால் காரணிகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுத் தாள் போதும்.

முந்தியவை அனைத்தையும் வெல்லும் எண்கள்

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விடக் கூடுதலான காரணிகளைப் பெற்ற எண்ணை உயர்பகு எண் என்று இங்கே அழைக்கலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680 எனத் தொடரும் இந்த வரிசையில் டஜனும் நாழிகைக் கணக்கும் நாளின் மணிகளும் வட்டத்தின் பாகைகளும், லீயின் 120 கஜமும் சிட்டத்தின் 840 கஜமும் அடுத்தடுத்து வருவதைக் காணலாம். கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ தம் இலட்சிய நகரத்தின் குடிகள் 5040 பேராக இருக்க வேண்டும் என்று எழுதியதற்கும் இதுவே காரணம். போருக்கும் அமைதிக்கும் வரிக்கும் நிலப் பங்கீட்டுக்கும் வசதியாக அந்த எண் 60 காரணிகளைக் கொண்டிருக்கிறது, அதுவும் உயர்பகு எண்தான்.

ராமானுஜன் எண் என்று எல்லோரும் அறிந்த 1729-ஐ இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது பயன் தரும். அது 7, 13, 19 ஆகிய மூன்று பகா எண்களின் பெருக்கலாதலால் அதற்குக் காரணிகள் எட்டே. அதற்கு 49 எண்கள் முன்னால் நிற்கும் 1680-க்கோ நாற்பது. அந்த மேதையின் பெயரோடு மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது 1729 என்றாலும், அவர் மாதக்கணக்கில் உழைத்து முழுமையான கோட்பாடாக வளர்த்தெடுத்தது 1680-இன் குலத்தைத்தான் என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

இந்த வரிசை ஓரிடத்தில் முடிந்துவிடுமோ என்று ஐயுறத் தேவையில்லை. எந்த எண்ணை இரட்டிப்பாக்கினாலும் பழைய காரணிகள் அனைத்தும் அப்படியே இருக்க, புதிய எண்ணும் தானே ஒரு காரணியாகச் சேர்ந்துவிடுவதால், இரட்டித்த எண்ணுக்குக் காரணிகள் கூடுதலாகவே இருக்கும். ஆகவே ஓர் உயர்பகு எண்ணுக்கு அடுத்தது அதன் இரு மடங்கைத் தாண்டாது, வரிசையும் ஓயாது.

ஈரோட்டில் பிறந்தவரின் அட்டவணை

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய் கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் அவ்வூர் முன்சீப் நீதிமன்றத்தில் அமீனாவாகப் பணியாற்றியவர். கோவையின் முதல் பஞ்சாலையான கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்ஸ் தொடங்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில். குழந்தைப் பருவத்திலேயே ராமானுஜன் தந்தையின் ஊரான கும்பகோணத்துக்குச் சென்றுவிட்டார். அங்கே தந்தை ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. கொங்கு மண்ணில் ராமானுஜன் வளரவில்லை என்றாலும், கணித வரலாற்று நூல்களில் ஈரோடு என்ற பெயர் இடம்பெறுவதற்கு அவருடைய பிறப்பே காரணமாயிற்று.

1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்ற ராமானுஜன், மறு ஆண்டில் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர்பகு எண்களைப் பற்றி அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். அவர் வெளியிட்டவற்றில் மிக நீண்டது அதுவே. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வின் வழியாகப் பட்டம் வழங்கியதும் அதன் அடிப்படையில்தான். அந்த ஆய்வுரையில் 102 உயர்பகு எண்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் காரணி எண்ணிக்கையையும் பகா எண் கையிருப்பையும் தரும் அட்டவணை ஒன்று உண்டு. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் போட்ட அந்த அட்டவணை 2-இல் தொடங்கி 67,46,32,83,88,800 வரை செல்கிறது.

கடைசி எண்ணைப் பிரித்துப் பார்த்தல்

6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 என்று படிக்க வேண்டிய இந்தப் பதின்மூன்று இலக்க எண்ணை வெறும் இலக்க வரிசையாகப் பார்க்கும்போது அதில் எந்த ஒழுங்கும் தென்படாது. பகா எண்களாகப் பிரித்தால், ஆறு 2-கள், நான்கு 3-கள், இரண்டு 5-கள், இரண்டு 7-கள், அதன்பின் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒருமுறை என்ற நேர்த்தியான படிக்கட்டு ஒன்று வெளிப்படுகிறது. முன்னர்ச் சொன்ன விதிப்படி ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 7, 5, 3, 3, பிறகு ஐந்து முறை 2. முதல் நான்கின் பெருக்கல் 315. ஐந்து 2-களின் பெருக்கல் 32. இரண்டையும் பெருக்கினால் 10,080. அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அத்தனை என்பதும், அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 10,080 காரணிகள் இல்லை என்பதும் பெறப்படுகிறது.

படிக்கட்டு என்று சொன்னது உவமைக்காக மட்டும் அன்று. உயர்பகு எண்கள் எல்லாவற்றிலும் இந்த இறங்குமுகம் இருந்தே தீரும் என்பதை எளிதில் காட்டலாம். 28 என்ற எண்ணில் இரண்டு 2-களும் ஒரு 7-உம் இருக்கின்றன, காரணிகள் ஆறு. 7-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 3-ஐ வைத்தால் எண் 12 ஆகச் சுருங்கும், காரணிகளோ அதே ஆறு. ஆகவே சிறிய பகா எண் ஒன்றைத் தாண்டிச் சென்று பெரியதைப் பயன்படுத்தும் எண் ஒருபோதும் உயர்பகு எண் ஆகாது. அதுபோலவே 18-இல் ஒரு 2-உம் இரண்டு 3-களும் உள்ளன. எண்ணிக்கையை இடம் மாற்றி இரண்டு 2-களும் ஒரு 3-உம் ஆக்கினால் மீண்டும் 12, காரணிகள் மாறவில்லை. பெரிய பகா எண் சிறியதைவிடக் கூடுதலான முறை வரக்கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. இவ்விரண்டையும் தாண்டி, வரிசையின் கடைசிப் பகா எண் எப்போதும் ஒரே ஒருமுறைதான் வரும் என்றும், அதற்கு 4, 36 என்ற இரண்டே விலக்குகள் உண்டு என்றும் ராமானுஜன் நிறுவினார்.

இந்த நெறிகள் தேடலின் பரப்பை வெகுவாகக் குறைக்கின்றன. எனினும் இவற்றுக்கு உட்பட்ட எண் எல்லாமே உயர்பகு எண் ஆகிவிடாது. நெறிகளுக்குள் நிற்கும் எண்களிடையே கடும் போட்டி ஒன்று தொடர்ந்து நடக்கிறது. அந்தப் போட்டியை உணர்ந்தால்தான் விடுபட்ட எண்ணின் கதை விளங்கும்.

புதியதா, பழையதா

கையில் உள்ள எண்ணின் காரணிகளைப் பெருக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. இதுவரை சேராத புதிய பகா எண் ஒன்றைச் சேர்த்தால் காரணிகள் ஒரே வீச்சில் இரட்டிப்பாகும். ஆனால் அதற்கான விலை அந்தப் பகா எண்ணின் அளவு. 23-ஐச் சேர்த்தால் எண்ணும் 23 மடங்கு பெருத்துவிடும். ஏற்கெனவே உள்ள சிறிய பகா எண்ணில் இன்னொன்றைச் சேர்ப்பது மற்றொரு வழி. நான்கு 2-கள் உள்ள எண்ணில் ஐந்தாவதைச் சேர்த்தால் விலை இரண்டே மடங்குதான். பலனும் ஐந்து வாய்ப்பு ஆறாவது என்ற அளவில் சிறியது. எந்த விலைக்கு எந்தப் பலன் என்று ஒவ்வொரு படியிலும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிக்கனமான குடும்பம் ஒன்று வரவுசெலவைத் திட்டமிடுவதுபோல், உயர்பகு எண் தன் பெருக்கத்தைச் சிறிதும் வீணாக்காமல் செலவிடுகிறது என்று சொல்லலாம்.

இந்தப் போட்டியில் ஒரு புதிய பகா எண் உள்ளே நுழைந்தவுடன் நிலைத்துவிடுவதில்லை. வரிசையில் 23 முதன்முதலாக வருவது 64,25,07,46,560 என்ற எண்ணில். அடுத்த உயர்பகு எண்ணில் 23 இல்லை. அதற்கடுத்ததில் இருக்கிறது, அதற்கும் அடுத்ததில் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக இப்படியே போகும் ஆட்டம் 1,60,62,68,66,400 வரை நீடிக்கிறது. அந்த எண்ணில் 23 உண்டு. ஆட்டம் தொடர்ந்திருந்தால் அடுத்ததில் 23 இருக்கக்கூடாது. ஆனால் அடுத்து வரும் 2,40,94,02,99,600-இலும் 23 இருக்கிறது. இரண்டு எண்களில் தொடர்ந்து வந்துவிட்டதைப் பார்க்கும்போது, இனி 23 நிரந்தரமாகக் குடியேறிவிட்டது என்றே தோன்றும்.

அங்கேதான் ஒரு வரி விடுபட்டது. ராமானுஜனின் அட்டவணையில் 2,40,94,02,99,600-க்கு அடுத்த வரியில் 3,21,25,37,32,800 என்ற எண் நிற்கிறது. முன்னதற்குக் காரணிகள் 4800, பின்னதற்கு 5376. இவ்விரண்டுக்கும் இடையே 2,93,31,86,25,600 என்ற எண் ஒன்று உண்டு; அதன் காரணிகள் 5040. அதில் 23 இல்லை.

விடுபட்ட வரியைச் சோதித்தல்

29 ஆயிரத்து 331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்ற இந்த எண்ணை அதற்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடுவது நல்லது. முந்தைய எண்ணில் நான்கு 2-கள், நான்கு 3-கள், இரண்டு 5-கள், அதன்பின் 7 முதல் 23 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை இருக்கின்றன. அதிலிருந்து 23-ஐ நீக்கினால் 4800 காரணிகள் பாதியாகி 2400 ஆகும். நீக்கியதற்கு ஈடாக இரண்டு 2-களையும் ஒரு 7-ஐயும் சேர்க்கலாம். அவற்றின் பெருக்கல் 28, ஆகவே எண் சற்றே பெரிதாகிறது. 2-களுக்கான வாய்ப்பு ஐந்திலிருந்து ஏழாகிறது. 2400-ஐ ஐந்தால் வகுத்து ஏழால் பெருக்கினால் 3360. 7-க்கான வாய்ப்பு இரண்டிலிருந்து மூன்றாகிறது; 3360-ஐ இரண்டால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 5040. காரணிகளில் பாதியை இழந்த பிறகும் இந்த எண் முந்தையதை 240 காரணிகளால் முந்திவிட்டது.

அடுத்த எண்ணை நோக்கிய பயணமும் இதே போன்றது. விடுபட்ட எண்ணிலிருந்து ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்துவிட்டால் எண் 21-இல் ஒரு பங்காகக் குறையும். அந்த இடத்தில் 23-ஐ வைத்தால் சற்றே பெரிதாகி 3,21,25,37,32,800 கிடைக்கும். 21-ஐக் கொடுத்து 23-ஐ வாங்கும் இந்தப் பரிமாற்றத்தில் காரணிகள் 5040-இலிருந்து 5376-ஆக உயர்கின்றன. 3-உம் 7-உம் சேர்ந்த விலை 21 என்பதும் 23 அதற்கு இரண்டே எண் தள்ளி நிற்பதும்தான் 23-ஐ இத்தனை நாள் வாசலில் நிறுத்தி வைத்திருக்கின்றன.

விடுபட்ட எண் தன் இனத்தில் கடைசி என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு அட்டவணையின் முடிவு வரை வரும் எல்லா எண்களிலும் 23 இருக்கிறது. மாறிமாறி வந்துகொண்டிருந்த பழைய முறை, புதிய முறை இரண்டு வரி நிலைத்துவிட்ட பின்னரும் ஒரேயொரு முறை திரும்பி வந்து, அதோடு மறைந்தது. வரிகளுக்கு இடையிலான பாய்ச்சலும் எச்சரிக்கை தரவில்லை. 1,60,62,68,66,400-இலிருந்து அடுத்த எண் ஒன்றரை மடங்கு தாண்டியிருக்க, விடுபட்ட இடத்திலுள்ள தாண்டல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்றே கூடியதாக, மூன்றுக்கு நான்கு என்ற அளவில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தட்டுப்படாத இடைவெளி அது.

இந்த ஒரு விடுபாட்டை ராமானுஜனின் குறையாகக் காட்டுவது நியாயம் ஆகாது. 1 முதல் 2,93,31,86,25,600 வரை உள்ள எண்கள் அனைத்தின் காரணிகளையும் எண்ணிச் சராசரி எடுத்தால் அது 26-க்கும் 27-க்கும் இடையில் நிற்கும். அத்தனை எண்கள் நிறைந்த பெருங்கடலில் 5040 காரணிகள் உள்ள முதல் எண் எங்கே இருக்கிறது என்று தாளும் எழுதுகோலுமாகத் தேடியவர், அட்டவணையின் இறுதி வரை நூற்று இரண்டு எண்களைச் சரியாகப் பிடித்து ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார். விடுபட்டதைக் கண்டுபிடிக்க உதவும் நெறிகளையும் அவரேதான் தந்தார். அவர் நிறுவிய முடிவுகளுள் ஒன்று, வரிசை நெடுந்தொலைவு செல்லச்செல்ல அடுத்தடுத்த உயர்பகு எண்களுக்கு இடையிலான மடங்கு ஒன்றை நெருங்கிக்கொண்டே வரும் என்பது. அதாவது தொலைவில் இந்த எண்கள் தம் அளவோடு ஒப்பிட ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும்.

அச்சேறாமல் நின்ற பக்கங்கள்

1915-இல் வெளியானது ஆய்வின் முழு வடிவம் அன்று. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் பிற்பகுதி அச்சாகவில்லை. ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று தம் 32-ஆம் வயதில் மறைந்தார். கையெழுத்தாகவே கிடந்த அந்தப் பக்கங்கள், அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1988-இல் வெளிவந்த தொலைந்த குறிப்பேட்டுத் தொகுதியில்தான் முதன்முறை அச்சைக் கண்டன. பிரெஞ்சுக் கணித அறிஞர்களான ழான் லூயி நிக்கோலாவும் கீ ரொபானும் அவற்றுக்கு விளக்கக் குறிப்புகள் எழுதி, 1997-இல் தொடங்கப்பட்ட ராமானுஜன் பெயரிலான ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளியிட்டார்கள்.

அந்தப் பக்கங்களில் காரணிகளின் எண்ணிக்கையோடு நில்லாமல் அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாக முடியும் என்பதையும் ராமானுஜன் ஆராய்ந்திருந்தார். பகா எண்கள் எந்த ஒழுங்கில் பரவிக் கிடக்கின்றன என்பது பற்றி 1859-இல் ஜெர்மானிய அறிஞர் ரீமான் முன்வைத்து இன்றுவரை நிறுவப்படாமல் நிற்கும் கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொண்டால், போதிய அளவு பெரிய எண்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் அடங்கும் என்று அவர் காட்டியிருந்தார். ராமானுஜனின் பக்கங்கள் அச்சேறுவதற்கு முன்பே, 1984-இல், ரொபான் ஒரு முடிவை வெளியிட்டார். ரீமான் கருதுகோள் உண்மையானால் 5040-ஐத் தாண்டிய எந்த எண்ணும் அந்த வரம்பை மீறாது. 5040-க்கு மேல் ஒரே ஓர் எண் மீறினாலும் கருதுகோள் பொய்யாகிவிடும். 5040-இன் காரணிகளைக் கூட்டினால் 19,344 வருகிறது. வரம்பை மீறுவதாக அறியப்பட்டவற்றுள் அதுவே கடைசி எண்.

பிளேட்டோவின் நகரத்துக்கும் ரொபானின் வரம்புக்கும் உரிய அதே 5040, அட்டவணையில் விடுபட்ட எண்ணின் காரணி எண்ணிக்கையாகவும் அமைந்தது தற்செயல்தான். தற்செயல் என்று தெரிந்த பின்னும் அந்த ஒற்றுமை மனத்தை விட்டு அகல்வதில்லை.

ராமானுஜனின் தொகுக்கப்பட்ட கட்டுரைகள் நூலாகக் கிடைக்கின்றன. ஈரோட்டிலோ கோவையிலோ ஒரு கல்லூரி நூலகத்தில் அதைக் கையில் எடுக்கும் மாணவர், உயர்பகு எண்களின் அட்டவணையைத் திறந்து, தம் குறிப்பேட்டில் விடுபட்ட வரியைச் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை வேறெங்கும் தேடிப் போகவும் வேண்டியதில்லை. அட்டவணையின் கடைசி எண்ணான 67,46,32,83,88,800-ஐ 23-ஆல் வகுத்தால் கிடைக்கும் விடை, மீதியின்றி, 2,93,31,86,25,600.